ஈரம் குடித்த படகு

மலேசியாவின் லங்காவியை ஒட்டி ரெபாக் என்றொரு சின்னத் தீவு. அங்குள்ள மரீனாவில், பழுதுபார்க்க வந்த பாய்மரப் படகுகளைக் கரையேற்றி இரும்புத் தாங்கிகளில் நிறுத்தியிருக்கிறார்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை இங்கே மழை குறைவு. லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு; உதிரிபாகம் வரவழைப்பதும் எளிது. பழைய படகைப் பிரித்துப்போட்டு வேலை பார்க்கத் தோதான இடம்.

நான் பார்க்கப் போனது 1970களில் செய்த ஃபைபர் படகு. வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியேறப்போகும் ஒரு நியூசிலாந்துத் தம்பதி அதைச் செப்பனிடுகிறார்கள்.

ஃபைபர் செல்லரிக்காது, துருப்பிடிக்காது. ஆனால் ஈரம் குடிக்கும். மேற்பூச்சான ஜெல்கோட் வழியாக ஆண்டுக்கணக்கில் ஊடுருவும் நீர், உள்ளே பாலியெஸ்டர் ரெசினில் மிஞ்சியிருப்பவற்றைக் கரைத்து அமிலமாகிறது, கொப்புளமாகப் புடைக்கிறது. அந்த அம்மா கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரு கொப்புளத்தைக் குத்திக் காட்டினார். பழுப்பு நீர் பீய்ச்சியது. குப்பென்று வினிகர் வாடை.

ஜெல்கோட்டைச் சீவி எடுத்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவுகிறார்கள். உள்ளே தங்கிய அமிலம் போகாவிட்டால் படகு காயவே காயாது. காய மாதக்கணக்கில் ஆகும். படகின் மேனியெங்கும் பென்சிலால் வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஈரமானி காட்டிய அளவும் தேதியும். எண்கள் இறங்கி நின்ற பிறகே எப்பாக்சி பூச்சு.

மேல்தளத்தில் கணவர் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். இரு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம். நன்றாக இருக்கும் இடம் ‘டக்’ என்கிறது. மரம் இற்ற இடம் ‘தொப்’பென்று அமுங்கி ஒலிக்கிறது. அந்தச் சத்தத்தைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தவர் கெடாவிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தமிழர். வேகும் வெயிலில், உடல் முழுக்க மூடிய உடுப்பும் முகக்கவசமுமாக, அரிப்பெடுக்கும் ஃபைபர் தூசியில் நாளெல்லாம் நிற்கிறார்.

பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் எஃகுத் தகடு ஒன்றை அவர் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே தெரிந்த பாதி பளபளத்தது. தளத்துக்குள் புதைந்திருந்த பாதியில் மயிரிழை விரிசல். “காத்து படாம ஈரத்துல கிடந்தா துருப்பிடிக்காத இரும்பும் அரிச்சிரும் அண்ணே. கழட்டாம நம்பக் கூடாது” என்றார்.

சூரியத் தகடு, குளிர்பெட்டி எல்லாம் பிறகுதான் என்கிறார்கள் தம்பதி. முதலில் தண்ணீர் உள்ளே வரக்கூடாது. அடுத்து பாய்மரம் நிற்க வேண்டும். மாலுமி ஜோஷுவா ஸ்லோகமும் இப்படித்தான், வயலில் கிடந்த ‘ஸ்ப்ரே’ என்ற சிப்பி பிடிக்கும் படகை 13 மாதம் உழைத்துப் புதுப்பித்தார்; 553 டாலர் 62 சென்ட் செலவானது. அதிலேயே 1895 முதல் 1898 வரை தனியாக உலகைச் சுற்றினார். ஒவ்வொரு பலகையையும் தானே பொருத்தியவருக்கு நடுக்கடலில் படகின் எந்த மூலையும் புதிராக இருந்திருக்காது.

ஆளை வைத்து முழுவதையும் முடித்துக்கொள்ளாமல், இவர்கள் அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் நின்று வேலை பழகுவதும் இதற்காகவே. கடலில் மெக்கானிக்கைக் கூப்பிட முடியாது. அதே கரையின் ஓரத்தில் பாதியில் கைவிடப்பட்ட படகுகளும் நிற்கின்றன. பழைய படகு மலிவாகக் கிடைக்கும். அது கேட்கும் உழைப்பு மலிவானதல்ல. ஆசைப்படுகிறவர்கள் பணத்தை எண்ணுவதற்கு முன் சுத்தியலை எடுத்துத் தட்டிக் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும்.