கழுத்தைப் பார்த்து வாங்குங்கள்

சின்ன ரேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்த நம்மில் பலருக்கு பேஸ் கிட்டார் அவ்வளவு பழக்கமில்லை. குறை நம் காதில் இல்லை. அதன் தடித்த கம்பி வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. உள்ளங்கை அகல ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாகக் கொடுக்க முடியாது. அறிவிப்பாளர் வேலைக்கு வந்து ஹெட்ஃபோன் மாட்டிய பிறகுதான், இளையராஜா பாடல்களில் குரலுக்குக் கீழே இன்னொரு மெட்டு ஓடுவது எனக்குக் கேட்டது. அவற்றில் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் சசிதரன் என்பதையும் பிறகுதான் அறிந்தேன்.

காம்பாரில் மூன்றாம் படிவம் படிக்கும் என் அக்கா மகள், போன வருடம் அந்த பேஸ் கிட்டாரைக் கேட்டாள். தோழிகள் சேர்ந்து ஒரு குழு அமைத்திருந்தார்கள். கிட்டாருக்கு ஆள் இருந்தது, பேஸுக்கு இல்லை. அக்கா ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த 500 வெள்ளியை என்னிடம் கொடுத்து, “பழசா இருந்தாலும் பரவாயில்ல, வீணாப் போயிடக் கூடாது தம்பி” என்றார். இந்த ஒன்று சரிவராவிட்டால், அடுத்து எதையும் கேட்க அந்தப் பிள்ளைக்கு வாய் வராது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஈப்போவில் ஒன்றைப் பார்த்தோம். சிவப்பு நிறம், கீறல் இல்லை, 400 வெள்ளி. அவள் கம்பியை அழுத்தினாள். சுரம் சரியாக எழவில்லை. மறுபடி அழுத்தினாள். விரல் நுனி சிவந்துவிட்டது. “என் கைக்குப் பலம் பத்தல மாமா” என்றாள்.

கருவியை வாங்கித் தலைப்பக்கமிருந்து கழுத்து நெடுகப் பார்த்தேன். வில்லாக வளைந்திருந்தது. தடித்த கம்பியை முதல் கட்டையிலும் கடைசிக் கட்டையிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால், நடுவில் மெல்லிய இடைவெளிதான் தெரிய வேண்டும். இதிலோ ஐந்தாறு காசுகளை அடுக்கி நுழைக்கலாம். கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டின் திருகை முடுக்கினால் ஓரளவு வளைவு நிமிரும். இதில் அந்தத் திருகு ஏற்கெனவே முடிந்தவரை முடுக்கப்பட்டிருந்தது. விற்றவர் புதுக் கம்பி போட்டால் சரியாகும் என்றார். கழுத்து வளைந்தால் கம்பி என்ன செய்யும்?

இரண்டாவது காம்பாரிலேயே கிடைத்தது. படிப்பை முடித்து ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர் ஒருவருடையது. உடம்பெல்லாம் கீறல். குமிழைத் திருகினால் கரகரப்பு. ஆனால் கழுத்து நேர். நான்கு கம்பிகளையும் ஒவ்வொரு கட்டையிலும் அழுத்தி மீட்டச் சொன்னேன். எங்கும் ஒலி செத்துப்போகவில்லை. கைப்பேசியில் சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து, வெறும் கம்பியையும் 12-ஆம் கட்டையையும் ஒப்பிட்டேன். இரண்டும் ஒரே சுரத்தைக் காட்ட வேண்டும், காட்டின. வயர் செருகும் துளையை அசைத்தபோதும் சத்தம் அறுபடவில்லை. 320 வெள்ளிக்குக் கொடுத்தார். கரகரப்பு, குமிழுக்குள் சுத்தம் செய்யும் திரவம் அடித்ததும் போய்விட்டது.

மிச்சப் பணத்தில் புதுக் கம்பியும், ஹெட்ஃபோன் செருகும் சிறிய ஆம்ப்ளிஃபையரும் வாங்கினோம். பேஸ் கம்பிகள் சாதாரண கிட்டார் கம்பிகளைவிட விலை கூடியவை. விலை பேசும்போதே அதையும் கணக்கில் சேருங்கள். வீட்டில் சாதாரண கிட்டார் ஆம்ப்ளிஃபையர் இருந்தால், அதில் பேஸைச் சத்தமாக வைக்காதீர்கள், ஒலிபெருக்கி கிழியலாம்.

இன்னொன்று நீளம். 1951-இல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலானவை அதே அளவுதான். கை எட்டாத பிள்ளைகளுக்கு 30 அங்குலத்தில் குட்டை வகை இருக்கிறது. பெண் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு பெரிய கிட்டார் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாதீர்கள். பிள்ளையைக் கூட்டிப் போங்கள், கையில் கொடுத்து வாசிக்க விடுங்கள். சுரம் எழாவிட்டால் அவள் விரலைக் குறை சொல்வதற்கு முன், கழுத்தை ஒருமுறை பாருங்கள்.