பீரோ சாவி

எங்கள் அலுவலக சர்வரின் மூடியைக் கழற்றும்போதெல்லாம் ஒரு காலி இடம் கண்ணில் படும். இரண்டு பிராசஸருக்கு இடமுள்ள மதர்போர்டு அது. வாங்கும்போது கையில் இருந்த பணத்துக்கு ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடும் இரவுகளில் மெஷின் திணற ஆரம்பித்த பிறகுதான் அந்த இடத்தை நிரப்ப முடிவு செய்தோம்.

முதலில் இருந்தது இன்டெல் ஜியான் ஈ5-2640 வி4. 2016-இல் வந்த 10 கோர் பிராசஸர். துணைக்கு வருவதும் அதே மாடலாக இருக்க வேண்டும். தனி ஹீட் சிங்க்கும் கூடுதல் விசிறிகளும் வேண்டும். எல்லாவற்றையும் தேடிப் பிடித்து, ஒரு சனிக்கிழமை கரண்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மாதம் முன்பு எங்கள் பிரிவில் சேர்ந்த பெண் டார்ச் பிடித்தாள்.

சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்ததும் 2011 பின்களும் வெளிச்சத்தில் மினுங்கின. இந்த வகையில் பின்கள் சிப்பில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டே வீணாகலாம். மூலையிலுள்ள முக்கோணக் குறியைப் பொருத்திப் பார்த்து, சிப்பை நேராக இறக்கி, இரண்டு லீவர்களையும் அழுத்தும்வரை நான் மூச்சு விடவில்லை.

மெஷின் எழுந்தது. 20 கோர் காட்டியது. ஆனால் சோதனைக்கு ஓட்டிய சம்பளக் கணக்கில் எதிர்பார்த்த வேகம் இல்லை. மெமரி எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். முதல் பிராசஸரிடம் 128 ஜிபி. இரண்டாவதிடம் பூஜ்யம்.

இந்த மெஷின்களில் ஒவ்வொரு பிராசஸருக்கும் சொந்தமாக ராம் ஸ்லாட்டுகள் உண்டு. 16 ஜிபி ராம் எட்டும் பழையவன் பக்கமே இருந்தன. புதியவன் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவிலுள்ள பாதையைக் கடந்துபோய்க் கேட்டு வாங்கி வர வேண்டியிருந்தது.

என் முதல் வேலை ஞாபகம் வந்தது. மேஜை, நாற்காலி எல்லாம் கொடுத்தார்கள். ஃபைல்கள் இருந்த பீரோவின் சாவி மட்டும் பெரியவர் ஒருவர் இடுப்பில் இருந்தது. ஒவ்வொரு காகிதத்துக்கும் அவர் முன்னால் போய் நிற்பேன். அவர் வேலையும் கெடும், என் வேலையும் நகராது. ஆளோடு ஆள் சேர்ந்தும் வேலை சேரவில்லை.

நான்கு ராமைக் கழற்றி அந்தப் பக்கம் மாட்டினேன். ஒவ்வொரு பிராசஸருக்கும் நான்கு மெமரி சேனல். சேனலுக்கு ஒன்றாகச் சரியாக அமைந்தது. 64, 64. புதிதாக ஒரு ரூபாய்க்கும் ராம் வாங்கவில்லை. இருந்ததைப் பங்கிட்டதிலேயே கணக்கு மளமளவென்று ஓடியது. வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகத்தான் செய்ய முடிகிற பகுதிகளுக்கு மட்டும் பழைய நேரமே பிடித்தது. அவற்றுக்கு எத்தனை பேர் வந்தாலும் அப்படித்தான்.

மூடியைப் போட்டு, அறையைப் பூட்டினேன். மூன்று மாதமாக ஒவ்வொரு முறையும் அந்தப் பெண் என்னிடம் வந்து கேட்டு வாங்கிப்போகும் சாவி அது. திங்கட்கிழமை இன்னொரு சாவி செய்து அவள் மேஜையில் வைத்தேன்.

"எனக்கா சார்?" என்றாள்.

"உனக்குத்தாம்மா" என்றேன்.