பார்த்தவர் பேசட்டும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். சுற்றுலா வருகிறவர்கள் அங்கே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். வலிப்பு மாத்திரைக்காகச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்குகிறவர்களுக்கோ அது குடலைப் புரட்டும் வழி. வாந்தி வந்தால் காலையில் விழுங்கிய மாத்திரையும் சேர்ந்து போய்விடும். நாகலூர், செம்மநத்தம் பக்கத்து ஆட்கள் முதலில் ஏற்காடு வந்து சேர வேண்டும், அப்புறம்தான் சேலம். ஓபி சீட்டுக்கு வரிசை, டாக்டர் முன்னால் சில நிமிடம், மருந்துக்கு மறுபடி வரிசை. காப்பிப் பழம் பறிக்கிற பருவமானால் அன்றைய கூலியும் போச்சு.

இதையெல்லாம் போனிலேயே முடித்துக்கொண்டால் என்ன? தொலைவழி மருத்துவத்துக்கான விதிமுறைகள் 2020 மார்ச்சில், கொரோனா நேரத்தில்தான் வந்தன. இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைவழி மருத்துவச் சேவையும் அப்போதுதான் நம் ஊர்களில் புழக்கத்துக்கு வந்தது. ஆனால் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அதற்கு முன்பே வலிப்பு நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவை நேரிலும் மற்றதைப் போனிலும் தொடர்ந்து பார்த்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வின்படி, போனில் பேசியவர்களுக்கு வலிப்பு கூடுதலாக வந்துவிடவில்லை.

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. வலிப்பை டாக்டர் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். நோயாளி அவர் முன் உட்காரும்போது நன்றாகத்தான் இருப்பார். இ.இ.ஜி.கூடப் பல நேரம் சாதாரணமாகவே வரும். விழுந்தவருக்கு நினைவிருக்காது, பார்த்தவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்க மாட்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு பையன் மிளகு பறிக்கப் போன இடத்தில் சில்வர் ஓக் மரத்தடியில் விழுந்தான். அவனோடு சேலத்துக்குப் போன அம்மாவுக்கு, "கை கால் இழுத்துச்சுங்க" என்பதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. பிறகு டாக்டர் போனில் விசாரித்தபோது, கூட வேலை செய்த அக்கா ஸ்பீக்கரில் பேசினார்: "மொதல்ல சப்புக் கொட்டுனான் சார். கூப்பிட்டாத் திரும்பல. சட்டை நுனியப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். அப்புறந்தான் விழுந்தான்." மூளையின் ஓரிடத்தில் கிளம்பிப் பரவும் வலிப்பு என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடைக்காது. எந்த மாத்திரை பொருந்தும் என்பதும் அதைப் பொறுத்துத்தான்.

அதற்காக எல்லாவற்றையும் போனில் முடித்துவிட முடியாது. முதல் வலிப்பு என்றால் நேரில் போயே ஆக வேண்டும். நாடாப்புழு முட்டையால் மூளையில் வரும் கட்டிகள் நம் நாட்டில் வலிப்புக்கு முக்கியமான காரணம். அது ஸ்கேனில்தான் தெரியும். ஃபெனிட்டாய்ன் என்ற வலிப்பு மாத்திரையை நாள்பட்டுச் சாப்பிட்டால் ஈறு தடிக்கும், அளவு மிஞ்சினால் நடை தள்ளாடும். "நல்லா இருக்கேங்க" என்கிற குரலில் இரண்டும் தெரியாது.

புதிதாகக் கல்யாணமான பெண்ணை நேரில்தான் பார்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். வால்ப்ரோயேட் மாத்திரை கருவில் உள்ள பிள்ளையைப் பாதிக்கக்கூடும். தானாக நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரோடு கலந்து முன்கூட்டியே மாற்றிக்கொள்ள வேண்டிய விஷயம். மாமியார் அடுப்படியில் நிற்க, ஸ்பீக்கரில் அவள் எதைக் கேட்பாள்? வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கும் பிரிவை 1999இல் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். வீடுகளில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. பெரியாஸ்பத்திரி நெரிசலில் அவளுக்குத் தனிமை கிடைக்குமா என்று கேட்டால், அதுவும் சந்தேகம்தான். ஆனாலும் துணைக்கு வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்ல அங்கே ஒரு நர்ஸாவது இருப்பார்.

ஆக, நோய் பிடிபட்டு, மாத்திரை ஒத்துப்போய், வலிப்பு அடங்கியவருக்குப் போன் போதும். இடையில் ஒருமுறை நேரில் போய் வரட்டும்.

யாருக்காவது வலிப்பு வந்தால் கையில் இரும்பைத் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108ஐக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேரமும் தேதியும் காலண்டரில் குறித்து வையுங்கள். அடுத்த முறை டாக்டர் போனில் வரும்போது, வலிப்பைப் பார்த்தவரிடம் போனைக் கொடுங்கள்.