கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை

பாரம்பரிய நெல் பற்றிப் பேசக் கூப்பிட்டவங்க, சென்னை அண்ணா சாலையில் ஒரு பெரிய ஓட்டலில், பதினோராவது மாடியில் தங்க வைத்தார்கள். கதவு திறக்க ஒரு அட்டை, விளக்கு எரியவும் அதே அட்டை. உருவினால் அறையே இருட்டு. நம்ம மோட்டார் ரூமுக்கு இப்படி ஒண்ணு இருந்தா தேவலை.

நாலு மணிக்கு வழக்கம்போல முழிப்பு. சன்னல் திறக்காது. அத்தனை வண்டி ஓடுற ரோட்டுல ஒரு ஹாரன் சத்தம்கூட உள்ளே வரலை. திரையை விலக்கினால் கண்ணாடியில் தண்ணி வழியுது. மழை பெய்றதே காதுக்குத் தெரியலைங்க. ஊரில் எங்க குறுவை நெல், கொள்முதல் நிலைய வாசலில் ஒரு வாரமா குவிஞ்சு கிடக்கு. அரசு தளர்வு அறிவிச்சாலொழிய, ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டாங்க. வீட்டுக்குப் போன் போட்டேன்.

"இங்கயும் தூறுது. தார்ப்பாய் போட்டாச்சு, நீங்க தூங்குங்க" என்றாள்.

எங்க தூங்குறது?

காலை பஃபேயில் தூயமல்லிப் பொங்கல். ருசிக்குக் குறை சொல்ல முடியாது. ஆளுக்கு 1,400 ரூபாயாம். 2024-25க்கு சாதா ரக நெல்லுக்கு மத்திய அரசு சொன்ன ஆதரவு விலை, 100 கிலோவுக்கே 2,300 ரூபாய்தான். மேடையில் இந்தக் கணக்கையும் சொன்னேன். கைதட்டினாங்க.

இறங்கி வந்ததும் போன். ஈரம் 19 காட்டுதாம். வெயில் வந்ததும் காயவெச்சுக் கொண்டுவரச் சொல்லிட்டாங்களாம்.