அனந்தபுரியில் ஷேக்ஸ்பியர் கட்டிய வேஷங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

திருவனந்தபுரம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பத்மநாபசுவாமியைச் சேவித்து, கோவளத்தில் கால் நனைத்து, சாலைக் கடைத்தெருவில் நேந்திரங்காய் வறுவல் வாங்கிக்கொண்டு ரயிலேறிவிடுகிறார்கள். நாடகப் பித்து உள்ளவர்களுக்கு இங்கே வேறொரு வேலையும் இருக்கிறது. இங்கிலாந்தின் நகைச்சுவை நாடகம் மலையாள நாட்டுக்கு வந்து என்னென்ன வேஷம் கட்டியது என்று தேடிப் பார்க்கலாம்.

தேடினால் 1866 வரை போக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டில் கல்லூர் உம்மன் பிலிப்போஸ் என்பவர் 'ஆள்மாறாட்டம்' என்ற நாடகத்தை வெளியிட்டார். ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எரர்ஸ்'தான் மூலம். எஜமானர் இருவர் இரட்டையர், அவர்களின் வேலைக்காரர்களும் இரட்டையர், ஊரே குழம்பும் கதை. ஷேக்ஸ்பியரே இதை ரோமாபுரியின் பிளாட்டஸிடம் கடன் வாங்கியவர். மலையாளத்தின் முதல் உரைநடை நாடகம் என்று சொல்லப்படுவது காவியமோ புராணமோ அல்ல, கைமாறிக் கைமாறி வந்த இந்தச் சிரிப்புக் கதை!

அடுத்த தலைமுறையில் இந்த நகரத்துக்காரரே ஒருவர் வந்தார். 'மார்த்தாண்ட வர்மா' நாவலால் நமக்கும் தெரிந்த சி. வி. ராமன் பிள்ளை. 1884இல் 'சந்திரமுகீ விலாசம்', 1909இல் 'குறுப்பில்லாக்களரி' என்று அவர் எழுதிய பிரகசனங்களில் (கேலி நாடகங்களில்) ஆங்கில நாடகாசிரியர்கள் கோல்ட்ஸ்மித், ஷெரிடன் ஆகியோரின் சாயலை இலக்கிய வரலாற்றாசிரியர்கள் காண்கிறார்கள். கேலிக்கு ஆளானவர்கள் லண்டன் பிரபுக்கள் அல்லர். ஆங்கிலம் படித்துப் புது மோஸ்தரில் நடமாடிய திருவிதாங்கூர்க்காரர்கள்.

இவையெல்லாம் பேச்சு நாடகங்கள். மரபுக் கலைகள் ஷேக்ஸ்பியரை என்ன செய்தன?

கதகளி அவருடைய சோக நாடகங்களைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. 1989இல் பிரெஞ்சுக் கலைஞர் ஆனெத் லெதே, ஆஸ்திரேலிய நாடகாசிரியர் டேவிட் மெக்ருவி ஆகியோரின் முயற்சியில் கேரள கலாமண்டலக் கலைஞர்கள் 'கிங் லியர்' ஆடினார்கள்; 1999இல் அது லண்டன் குளோப் அரங்கில் ஏறியது. 1996இல் சதனம் பாலகிருஷ்ணன் டெல்லியில் 'ஒத்தெல்லோ'வைக் கதகளியாக்கினார். கதகளிக்கான பாட்டு நூலாகிய ஆட்டக்கதைக்கு வேண்டிய கோபம், வஞ்சகம், வதம் எல்லாம் இவற்றில் தயாராக இருந்தன.

நகைச்சுவைக்குத்தான் சிக்கல். கதகளி நடிகர் வசனம் பேசுவதில்லை. பின்னால் நிற்கும் பாடகரின் பதத்தைக் கையாலும் கண்ணாலும் விரிக்கிறார். ஷேக்ஸ்பியரின் கோமாளிகளோ வாயால் பிழைப்பவர்கள். சிலேடையை முத்திரையில் பிடிக்க முடியுமா?

ஆனாலும் கதகளிக்குச் சிரிக்கத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. கோட்டயத்துத் தம்புரான் எழுதிய 'பகவதம்' ஆட்டக்கதையில், அரக்கு மாளிகையிலிருந்து பாண்டவர் தப்பச் சுரங்கம் தோண்ட ஓர் ஆசாரி வருகிறார். அளப்பதும் குறி போடுவதுமாக அவர் செய்யும் சேஷ்டைகளுக்காகவே காத்திருக்கும் ரசிகர்கள் உண்டு. 'எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீ'மில் ராஜா கல்யாணத்துக்கு நாடகம் போட ஆள் சேர்க்கும் குவின்ஸும் தச்சர்தான். இருவரையும் ஒரே மேடையில் ஏற்றினால் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாது.

பேச்சுக்கு இடம் கேரளத்தின் சமஸ்கிருத நாடக மரபான கூடியாட்டத்தில் இருக்கிறது. 1970இல் தொடங்கிய இவ்வூர் 'மார்கி' அமைப்பு கதகளியோடு கூடியாட்டத்தையும் பேணி வருகிறது. கூடியாட்டத்தின் கோமாளியான விதூஷகர் நாயகனின் சமஸ்கிருதச் சுலோகத்துக்கு எதிராக மலையாளத்தில் ஒரு கேலிச் சுலோகம் விடுவார். அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கையும் தள்ளிவிட்டு வினோதம், வஞ்சனை, சாப்பாடு, ராஜசேவை என்று நாலு புருஷார்த்தம் சொல்லுவார். ஷேக்ஸ்பியரின் விதூஷகர்கள் இவருக்குப் பங்காளிகள்.

இந்தச் சொத்துகளையெல்லாம் ஒன்றாக எடுத்துப் புழங்கியவர் காவாலம் நாராயண பணிக்கர் (1928–2016). குட்டநாட்டில் பிறந்து, வக்கீல் தொழில் பார்த்து, கேரள சங்கீத நாடக அகாதமிச் செயலாளராக இருந்துவிட்டு, 1970களில் இந்த நகரத்துக்குக் குடிவந்தார். 'தனது நாடகவேதி' என்ற இயக்கத்தில் முன்னின்றார். 'சோபானம்' குழுவை நிறுவினார். பாட்டு, ஆட்டம், கொட்டு மூன்றும் நடிப்போடு கலந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பாசனின் சமஸ்கிருத நாடகங்களால் பெயர் பெற்ற அவர், ஷேக்ஸ்பியரிடம் போனபோது லியரையும் மாக்பெத்தையும் தேடவில்லை. 'மிட்சம்மர் நைட்'டை 'ஒரு மத்யவேனல் ப்ரணயராவு' என்றும், 'டெம்பெஸ்'டை 'கொடுங்காற்று' என்றும் மலையாளமாக்கினார். 1623இல் வந்த ஷேக்ஸ்பியர் தொகுப்பில் நகைச்சுவை வரிசையின் முதல் நாடகமே 'டெம்பெஸ்ட்'தான்.

அவர் தேர்வு பொருத்தமானது. இந்த இரண்டு நாடகங்களிலும் வருபவர்கள் காட்டில் திரியும் குறும்புத் தேவதை, ஏவலுக்குப் பறக்கும் ஆவி, மந்திரவாதி. தெய்யம், படயணி போன்ற சடங்காட்டங்களும் தெய்வங்கள் குடியிருக்கும் காவுகளும் உள்ள நாட்டில் இவர்களை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காட்டில் வழி தவறும் காதலர்களை வசனத்தைவிடப் பாட்டும் காலடியும் எளிதில் காட்டிவிடும்.

ஷேக்ஸ்பியரின் நகைச்சுவை நாடகத்தை மரபுக் கலையில் ஆடிப் பார்க்கும் ஆசை தொலைதூரத்திலும் இருந்திருக்கிறது. தைவானின் பாங்ட்ஸி இசை நாடகக் குழு 2009இல் 'வெனிஸ் வணிக'னைத் தன் மரபில் பாடி நடித்தது. வட்டிக்காரன் ஷைலக்காக வந்தவர் வாங் ஹாய்லிங் என்ற நடிகை.

நம் பக்கம் பார்த்தால், பம்மல் சம்பந்த முதலியார் 'ஆஸ் யூ லைக் இட்'டை 'விரும்பிய விதமே' என்று தமிழாக்கி வைத்துப் போயிருக்கிறார். ஆனால் அது சபா மேடைக்கான நாடகம். தெருக்கூத்தில் ராஜாவையே மறித்து, யார், எந்த ஊர் என்று விசாரிக்கும் கட்டியங்காரன் நம்மிடம் இருக்கிறான். பேச்சிலும் சிலேடையிலும் அவனை மிஞ்ச ஆளில்லை. தமிழ்க் கூத்துக் குழுக்களோடு உமக்குப் பழக்கம் உண்டே. அடுத்த முறை அவர்களைப் பார்க்கும்போது ஷேக்ஸ்பியரின் சிரிப்பு நாடகம் ஒன்றைக் கொடுத்து, கட்டியங்காரனிடமிருந்து ஆரம்பிக்கச் சொல்லும்.

அன்புடன்,
உம் நண்பன்