வெள்ளரிக்காய்க் குதிரையில் வரும் விருந்தாளிகள்



ஜப்பான் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? காரா? தொலைக்காட்சிப் பெட்டியா? தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, பாட்டி சொன்ன 'ஜப்பான்காரன் காலம்'தான் முதலில் நினைவுக்கு வரும். மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. என் தாத்தாவின் அண்ணனைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதும் அப்போதுதான். 1942, 43ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் தூரம் போட்ட அந்தப் பாதை, பல்லாயிரம் மலாயாத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. பெரிய தாத்தா திரும்பவே இல்லை. அவர் இறந்த நாளும் தெரியாது, புதைத்த இடமும் தெரியாது.

அந்த வீட்டுப் பிள்ளையான நான், ஆசிரியர் பயிற்சிக்காக 2022இல் ஜப்பானிலேயே போய்த் தங்க நேர்ந்தது. தெற்கே கியூஷு தீவில், ஃபுகுவோகா வட்டாரத்தில், முன்பு நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்த பகுதியில் ஒரு சிற்றூர்.

அவ்வாண்டு ஜூன் மாதம் நம் நாட்டு ஏடுகளில் எழுந்த சர்ச்சை உங்களுக்கு நினைவிருக்கும். 1977 முதல் நம் நாட்டில் நடந்துவரும் 'போன் ஒடோரி' நடன விழாவில் வேற்றுச் சமயக் கூறுகள் இருப்பதால் முஸ்லிம்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்று சமய விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சர் ஆலோசனை கூறினார். விழா நடக்கட்டும் என்றார் சிலாங்கூர் சுல்தான். ஜூலை 16இல் ஷா ஆலாமில் பல்லாயிரம் பேர் திரண்டனர். சமயமா, பண்பாடா என்று ஏடுகள் பக்கம் பக்கமாக எழுதின. நானும் கைத்தொலைபேசியில் அனைத்தையும் படித்துவிட்டு, "வெறும் ஆட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?" என்று நண்பர்களிடம் அடித்துப் பேசினேன்.

ஆகஸ்டு 13ஆம் நாள் மாலைதான் என் அறியாமை எனக்கே விளங்கியது.

அடுத்த வீட்டு மூதாட்டி வாசலில் சிறு தீ மூட்டிக்கொண்டிருந்தார். இறந்த முன்னோர்கள் வழி தெரிந்து வீடு வந்து சேர்வதற்காம்! அவர் பிறந்த ஊர் கிழக்கே தோக்கியோ பக்கம். அவ்வூர் வழக்கப்படி வெள்ளரிக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் குச்சிகளால் கால் வைத்திருந்தார். வெள்ளரிக்காய் குதிரை, முன்னோர் விரைந்து வருவதற்கு. கத்தரிக்காய் மாடு, பிரிய மனமில்லாமல் மெல்லத் திரும்பிப் போவதற்கு. வீட்டுக்குள் பழமும் சோறும் படைத்திருந்தார். நம் வீட்டுப் படையலைப் பார்ப்பதுபோலவே இருந்தது. இதில் சமயம் இல்லை என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் இரவு ஊர்த் திடலில் நடனம். நடுவே உயர்ந்த மேடை, அதன்மேல் பெரிய முரசு. முகக்கவசம் அணிந்த மக்கள் அதைச் சுற்றி வட்டமாக ஆடினார்கள். 'தான்கோ புஷி' என்ற சுரங்கத் தொழிலாளர் பாட்டுக்கு ஆடியபோது நான் அசந்து நின்றேன். மண்வெட்டியால் கரியை வெட்டுவது, தோளில் சுமப்பது, நெற்றியில் கை வைத்து நிலவைப் பார்ப்பது, வண்டியைத் தள்ளுவது எல்லாமே ஆட்டமாக வந்தன. அப்பாட்டோடு சேர்த்துப் பேசப்படும் மீகே சுரங்கத்தில் 1963இல் ஏற்பட்ட வெடிப்பில் 458 பேர் மாண்டார்கள். அந்தச் சுரங்கத்தை 1997இல் மூடிவிட்டார்கள். ஆனால் அந்தத் தொழிலாளியின் கைவீச்சைச் சின்னஞ்சிறு பிள்ளைகள் இன்னும் ஆடுகிறார்கள். நம் பால்மரம் வெட்டிய கைகளை யார் ஆடிக் காட்டுவார்கள் என்ற ஏக்கம் எனக்கு வந்தது. அங்கே யாரும் என் சமயத்தைக் கேட்கவில்லை. நானும் வட்டத்தில் சேர்ந்துகொண்டேன்.

வீடு திரும்பியதும் மூதாட்டி கேட்டார்: "சென்செய், உங்கள் வீட்டில் போனவர்களுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள்?" சென்செய் என்றால் ஆசிரியர்.

சொல்வதா, வேண்டாமா என்று தயங்கினேன். பிறகு என் அரைகுறை ஜப்பானிய மொழியில் பெரிய தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளே போய், படையலுக்குப் பக்கத்தில் தனியாக இருந்த ஒரு சிறு தட்டைக் காட்டினார். நினைத்துப் பார்க்க உறவில்லாமல் இறந்துபோனவர்களுக்காக வைப்பதாம் அது. அதிலிருந்த சோற்றை எடுத்து, முன்னோர் தட்டுகளின் வரிசையில் வைத்தார்.

"அவருக்கு உறவு இருக்கிறதே" என்றார்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. பிறர் செய்த பாவத்துக்கு அவர் என்ன செய்வார்? ஆனால் எண்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் யாரும் பெரிய தாத்தாவுக்கென்று ஓர் இலை போட்டதில்லை. முதல் சோறு ஒரு ஜப்பானிய வீட்டில் கிடைத்தது. அன்றிரவு நான் உறங்கவில்லை.

வாசகர்களே, அந்த விழா சமயமா, பண்பாடா? வாசல் தீயில் சமயம் இருக்கிறது. திடல் ஆட்டம் ஊருக்கே பொது. தம் சமயத்துக்கு ஆகாது என்று விலகி நிற்பவரை நான் இப்போது ஏளனம் செய்வதில்லை. ஏட்டைப் படித்து மட்டும் தீர்ப்புச் சொல்வதையும் விட்டுவிட்டேன்.

ஊர் திரும்பியபின் எங்கள் வீட்டு ஆடி அமாவாசைப் படையலில் ஓர் இலை கூடியிருக்கிறது. உங்கள் குடும்பத்திலும் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, அவர் பெயரைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பெயர் தெரிந்தால்தானே அழைக்க முடியும்?