மூன்றா, நான்கா, ஐந்தா

ஜூலை 18, மருங்காபுரி

சென்னையிலிருந்து தங்கை மகன் படம் அனுப்பியிருக்கிறான். நண்பர்களோடு சேர்ந்து வாங்கிய பழைய பாய்மரப் படகு, பதினாறு அடி நீளம். பாய்மரத்தைச் சாயவிடாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் கம்பியின் அடிமுனையில் ஓர் இழை அறுந்து முள்போல் துருத்திக்கொண்டிருக்கிறது. “இப்ப இருக்கிறது 4 மி.மீ. மாமா. 5 போட்டுடவா? கூட இருக்கிறவன் 3 போதும், படகு லேசா ஓடும்கிறான்.”

இங்கிருந்து கடல் வெகுதூரம். ஆனால் கிணற்றுக் கிரேன் பட்டறைக்காரனிடம் அவன் கேட்டது சரிதான். எங்கள் ரோப்பை நம்பித்தான் ஆள் கிணற்றுக்குள் இறங்குகிறான். கம்பியைக் கையில் உருட்டிப் பார்த்து “இது தாங்கும்” என்பவர்களைக் கண்டால் எனக்கு வயிறு கலங்கும். அதனால் உடனே பதில் சொல்லவில்லை. படகின் அகலம், நடுக்கோட்டிலிருந்து கம்பி மாட்டும் தகடு வரை உள்ள தூரம், ஏறுகிறவர்கள் எண்ணிக்கை, எல்லாம் அளந்து அனுப்பச் சொன்னேன்.

ஜூலை 20

அளவுக்கு முன்னால் வகை. எங்கள் கிரேன் ரோப் ஆறு புரி முறுக்கியது, நடுவில் நார்க்கரு. கப்பியில் ஏறி இறங்க வேண்டும், வளைந்தாக வேண்டும். பாய்மரக் கம்பி எதன் மேலும் ஓடுவதில்லை, நிற்பதுதான் அதன் வேலை. அங்கே 1×19 என்ற வகை: பத்தொன்பது தடித்த இழைகள் ஒரே புரியாக முறுக்கியது. விறைப்பானது, குறைவாக நீளும். அதே கனத்தில் 7×19 வாங்கினால் வளையும், ஆனால் வலு குறையும், நீட்சி கூடும். பாயை ஏற்றி இறக்குகிற இடத்துக்குத்தான் அது.

எவர்சில்வரிலும் 316 ரகம்தான் வேண்டும். அதில் கலந்திருக்கும் மாலிப்டினம் உப்புநீரைத் தாக்குப்பிடிக்கிறது. காந்தம் வைத்துப் பார்த்து ரகம் கண்டுபிடிக்கலாம் என்று யாரோ அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். கம்பியாக இழுத்த பிறகு 316-ம் கொஞ்சம் காந்தத்தில் ஒட்டும். காந்தத்தை நம்பக் கூடாது, ரகச் சான்றைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஜூலை 23

அளவுகள் வந்தன. இரவு பட்டறையை மூடிய பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

காற்று எத்தனை வேகமாக அடித்தாலும், சாயாமல் படகு எவ்வளவு எதிர்த்து நிற்குமோ அவ்வளவுதான் கம்பியில் ஏறும். அதற்கு மேல் காற்று தள்ளினால் படகு சாய்ந்துவிடும். ஆகவே கணக்கைக் காற்றிலிருந்து தொடங்காமல் படகிலிருந்து தொடங்க வேண்டும். இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

விளிம்பில் உட்காரும் ஆள் நடுக்கோட்டிலிருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கிறார். 70 கிலோ வீதம் இரண்டு பேர்: 126 கிலோ-மீட்டர். படகின் உடல் தரும் எதிர்ப்பைச் சுமார் 60 என்று வைத்தேன். மொத்தம் 186. கம்பித் தகடு நடுவிலிருந்து 75 செ.மீ. வகுத்தால் 248 கிலோ. இது அமைதியான நீரில். அலையில் குதித்து விழும்போது வரும் வெட்டுக்கு இரண்டரை மடங்கு வைத்தால் 620.

1×19, 316 கம்பியின் அறுபடு சுமை 3 மி.மீ.க்கு ஏறக்குறைய 720 கிலோ, 4-க்கு 1,280, 5-க்கு 2,000. விட்டத்தின் வர்க்கத்தில் வலு கூடுவதால்தான் ஒரே மில்லிமீட்டருக்கு இவ்வளவு வித்தியாசம். இரண்டு பேர் என்றால் நண்பன் சொன்ன 3 நூலிழையில் தேறுகிறது.

“ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் போவீங்க?” என்று போனில் கேட்டேன். “மூணு பேர் மாமா.” மூன்றாவது ஆளைச் சேர்த்தால் கம்பியில் 332, இரண்டரை மடங்குக்கு 830. மூன்று மி.மீ. அங்கேயே விழுந்துவிட்டது.

ஜூலை 24

அவனுக்குப் பயம் பாய்மரப் படகோட்டி அபிலாஷ் டாமியின் செய்தியைப் படித்ததிலிருந்து. 2018 கோல்டன் குளோப் பந்தயத்தில், செப்டம்பர் 21 அன்று, தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் அவருடைய ‘துரியா’ உருண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த காயம். மூன்று நாள் கழித்துத்தான் மீட்டார்கள். அது மலைபோல் எழும் அலை. இவர்கள் போவது கரை கண்ணில் படும் தூரம். ஒரு புயல் செய்தியை வைத்துப் பதினாறு அடிப் படகுக்குக் கம்பி வாங்க முடியாது. நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியல் படகில் பாய்மரக் கம்பியே கிடையாது. மரம் குழியில் செருகி நிற்கும். அதே ஒலிம்பிக்கில் கணபதியும் வருணும் ஓட்டிய 49இஆர் படகுக்குக் கம்பி இல்லாமல் முடியாது. ஒவ்வொரு படகுக்கும் தனிக் கணக்கு.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு, ஸ்ரீரங்கம்

அம்மாமண்டபத்துக்குக் குடும்பத்தோடு வந்தவன் பழைய கம்பியைச் சுருட்டி எடுத்து வந்திருக்கிறான். தங்கை வீட்டுத் திண்ணையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். கம்பியின் நடுப்பகுதி பளபளவென்று இருக்கிறது. அறுந்த இழை, கம்பியை அழுத்திச் செருகிய ஸ்வேஜ் குழாயின் வாயில். அங்கே உப்புநீர் தங்கிப் பழுப்புக் கறை. கீழ்முனை விறைப்பாகப் பூட்டியிருந்ததால் பாய்மரம் ஆடும்போதெல்லாம் கம்பி அதே இடத்தில் மடங்கி மடங்கி நொந்திருக்கிறது.

மெலிந்ததால் அறுந்த கம்பி இல்லை இது. ஐந்து மி.மீ. போட்டால் இன்னும் விறைப்பு, அதே வாயில் அதே நோவு. அதற்குரிய டர்ன்பக்கிளின் (கம்பியை முறுக்கி இறுக்கும் திருகின்) ஊசி தகட்டின் 8 மி.மீ. துளையில் நுழையாது, துளையைப் பெரிதாக்கினால் தகட்டின் விளிம்பு மெலியும். உச்சியில் எடையும் கூடும். ஐந்தின் வலுவைத் தாங்க அந்தப் படகில் வேறெதுவும் இல்லை.

எழுதிக் கொடுத்தது: 4 மி.மீ., 1×19, 316. பக்கக் கம்பி இரண்டு, முன் கம்பி ஒன்று, மூன்றும் சேர்ந்தே புதிதாக. அடிமுனையில் இரு திசையிலும் அசையும் டாகிள் இணைப்பு கட்டாயம். கட்டிய பிறகு டர்ன்பக்கிளை முறுக்கும்போது, இரண்டு மீட்டர் கம்பி ஒரு மி.மீ. நீண்டால் அறுபடு சுமையில் 5 சதவீதம் ஏறியதாகக் கொள்ளலாம். பழைய உடல், 2 மி.மீ.யோடு நிறுத்தவும். ஒவ்வொரு முறை போய் வந்ததும் முனைகளை நல்ல தண்ணீரில் கழுவி, ஸ்வேஜ் வாயைத் துணியால் துடைத்துப் பார்க்கவும். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியை மாற்றாமல் படகை நீரில் இறக்காதீர்கள்.